கதர்ச் சட்டையா, கைத்தறிச் சட்டையா?

உடுப்புக்குச் செலவழிக்கிற காசு நெய்கிறவர் வீட்டுக்காவது போகட்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: கதரா, கைத்தறியா? இரண்டையும் உடுத்திப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குக் கைத்தறி என்று நான் ஒதுங்கிவிட்டேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வேறுபாடு தெரிந்ததுதான். கதரில் நூற்பதும் கை, நெய்வதும் கை. கைத்தறியில் நெசவு மட்டும் கை. நூல் பெரும்பாலும் மில்லிலிருந்து வருகிறது. போலிக்குப் பயந்தால் 2006-ல் வந்த கைத்தறி முத்திரையையும், 2013 விதிகளின்படி வரும் காதி முத்திரையையும் பார்த்து வாங்கலாம். தள்ளுபடி என்றால் கதருக்குக் காந்தி ஜெயந்தி, கைத்தறி விற்கும் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸுக்குத் தீபாவளி.

யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தால் கதர் ஒரு படி மேல். நெய்கிறவரோடு நூற்கிறவருக்கும் கூலி போகிறது. நூற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் மீட்டர் நூல் கொண்ட ஒரு சிட்டத்துக்கு நூற்புக் கூலி 2023-ல் 10 ரூபாய். 2025 ஏப்ரலில்தான் 15 ஆனது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கதரை விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை. மதுரை மேலமாசி வீதியில், 1921-ல் காந்தி அரையாடைக்கு மாறிய கட்டடத்திலேயே கதர்க்கடை இருக்கிறது. அங்கே நுழைந்தால் கை தானாகப் பைக்குள் போகும்.

ஆனாலும் என்னைக் கைத்தறிப் பக்கம் தள்ளியது பராமரிப்பு. கைநூலில் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. கதரின் அழகே அதில்தான். துவைத்துக் காயப்போட்டு எடுத்தால் அதே சட்டை கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். கஞ்சி போட வேண்டும். வடிகஞ்சியைச் சல்லடைத் துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் கருநீலச் சட்டையில் வெள்ளைத் திட்டுகள். முழுசாகக் காய்வதற்குள், ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து மறுபடி மல்லுக்கட்ட வேண்டும். இவ்வளவும் செய்து போனால் மதியத்துக்குள் முழங்கை மடிப்பில் எல்லாம் போச்சு.

கைத்தறியும் ராஜா வீட்டுப் பிள்ளை இல்லை. தைக்கக் கொடுக்குமுன் நனைத்துக் காயவைக்காவிட்டால் இதுவும் சுருங்கும். அடர்நிறம் என்றால் முதல் சில சலவைகளுக்குத் தனியாக அலச வேண்டும். அதோடு சரி. பிறகு மற்றத் துணிகளோடு போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கஞ்சி நம் விருப்பம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தேய்க்கச் சோம்பல்பட்டுக் கதர் அலமாரியிலேயே கிடக்கிறது. கிடக்கிற சட்டைக்கு அடுத்ததாக யார் இன்னொன்று வாங்குவார்கள்? கைத்தறி வாராவாரம் உடம்பில் ஏறுகிறது. காலர் நைந்ததும் அடுத்த துணிக்குப் போய் நிற்கிறேன். நெசவாளர் சங்கத்துக்கு வேண்டியதும் அந்த மறு வியாபாரம்தானே?

பாலியஸ்டர் கலந்த கதர் வகையான பாலிவஸ்திரா அவ்வளவாகக் கசங்காது என்கிறார்கள்; நான் உடுத்தியதில்லை. சேலைக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை உடுத்துகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இஸ்திரி தேவைப்படாத இடத்தில் எங்கள் வீட்டில் கதருக்கே முதலிடம்: துண்டு, கைக்குட்டை, தலையணை உறை. துண்டு துவைக்கத் துவைக்க நன்றாக ஈரம் இழுக்கிறது. சட்டையையும் இஸ்திரிக் கடையில் கொடுத்து வாங்குகிறவர் என்றால் நான் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு கதரே வாங்குங்கள்.