தொலைந்த ஸ்கேனரை வைஃபையில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று வருகிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

குடோன், வேர்ஹவுஸ், பெரிய கடை என்று எங்கேயாவது கை ஸ்கேனர் (பார்கோடு படிக்கும், ஆண்ட்ராய்டில் ஓடும் போன் மாதிரிக் கருவி) வைத்து வேலை நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். "உங்களிடம் இருக்கிற வைஃபையே போதும், புதிதாக ஒரு வயர்கூட இழுக்க வேண்டாம், காணாமல் போன ஸ்கேனரை மேப்பில் காட்டிவிடுவோம்" என்று ஒரு கம்பெனி ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு அலைய எனக்குத் தெம்பில்லை.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் ஐ.டி. பார்க்கிறேன். ஷிப்ட் மாறும்போது ஸ்கேனர் காணாமல் போவது எங்களுக்கு அன்றாடக் கதை. திருட்டெல்லாம் அபூர்வம். பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், திரும்பி வருவதற்குள் ஃபோர்க்லிஃப்ட் அந்தப் பேலட்டைத் தூக்கி மேல் ரேக்கில் ஏற்றிவிட்டிருக்கும். இல்லாவிட்டால் ரிட்டர்ன் வந்த பெட்டிக்குள் நழுவி விழும், யாரோ பார்க்காமல் டேப் ஒட்டிவிடுவார்கள். ஒன்று போனால் ஒரு நல்ல போன் வாங்குகிற காசு போச்சு. அதனால் இவர்கள் வந்து பேசியதும் மேனேஜர் உடனே விழுந்துவிட்டார்.

டெமோ நடந்தது கான்ஃபரன்ஸ் ரூமில். ஸ்கேனரை அலமாரியில் ஒளித்து வைக்கச் சொன்னார்கள், லேப்டாப்பில் பச்சைப் புள்ளி சரியாக அந்த மூலையில் வந்து உட்கார்ந்தது. "பாருங்க சார், ஒரு மீட்டருக்குள்ள காட்டும்" என்றார் வந்தவர். ஸ்கேனர் முழு சார்ஜில் இருந்தது, திரை எரிந்துகொண்டிருந்தது, அவர்களுடைய ஆப் திறந்தபடியே இருந்தது. இந்த மூன்றும் இருந்தால்தான் அப்படிக் காட்டும் என்று அவர் சொல்லவே இல்லை. ஸ்கேனர் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு வருடச் சந்தாவை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஸ்கேனரில் இருக்கும் ஆப், சுற்றியுள்ள ஆக்சஸ் பாயிண்ட்களின் (சுவரில், கூரையில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டிகள்) சிக்னல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று பார்த்து சர்வருக்கு அனுப்பும், சர்வர் அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 6 டெசிபல் குறையும், அங்கே கணக்கு ஓரளவு வரும். வேர்ஹவுஸில் திரும்பின பக்கமெல்லாம் இரும்பு ரேக், சிக்னல் அதில் மோதி நாலு வழியாக வரும். தண்ணீர் பாட்டில், ஷாம்பு அடுக்கிய பேலட் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை அப்படியே குடித்துவிடும். ஸ்கேனரைப் பிடித்திருக்கும் ஆள் திரும்பி நின்றாலே எண் மாறும். எந்த வரிசை என்று குத்துமதிப்பாகச் சொன்னாலே பெரிய விஷயம், இவர்கள் ஒரு மீட்டர் என்கிறார்கள்.

அதைவிட மோசம் புள்ளியின் வயது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து, பின்னணியில் ஓடும் ஆப்கள் எல்லாம் சேர்ந்தே 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வைஃபை ஸ்கேன் செய்ய முடியும். திரையில் பிக்கிங் ஆப் (எந்த ரேக்கில் எந்தச் சரக்கை எடுப்பது என்று காட்டுவது) ஓடும்போது இவர்கள் ஆப் பின்னணியில்தானே கிடக்கும்? ஆக, மேப்பில் தெரிவது அரை மணி நேரத்துக்கு முந்தைய இடமாக இருக்கலாம். பேட்டரி இறங்கிவிட்டால் கடைசியாகக் கேட்ட இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். அப்போதும் அதே பச்சை, பக்கத்தில் நேரமும் கிடையாது.

எங்களுக்கு விபரீதம் வந்தது அங்கேதான். ஒரு நைட் ஷிப்ட் முடியும்போது ஒரு ஸ்கேனர் இல்லை. மேப்பில் புள்ளி டூவீலர் பார்க்கிங்கில். அதைக் கையெழுத்துப் போட்டு எடுத்திருந்த கான்ட்ராக்ட் பையனின் பைக்கும் அங்கேதான் நின்றது. அவ்வளவுதான். செக்யூரிட்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தார், பையைக் கவிழ்த்தார், டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொன்னார். "அண்ணே, சத்தியமா நான் எடுக்கலண்ணே, லாரி நிக்கிற டாக்ல சார்ஜுக்கு வச்சிட்டுத்தாண்ணே வந்தேன்" என்று அவன் எல்லோரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே நின்றான். பிறகு ஸ்கேனர் கிடைத்தது, டாக்கை ஒட்டிக் கிடந்த ஒரு ரிட்டர்ன் பெட்டிக்குள், சார்ஜ் சுத்தமாக இல்லாமல். அவன் மறுவாரம் வேலைக்கு வரவில்லை. ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, இதை எழுதும்போதும் எனக்கு அதுதான் எரிகிறது.

அந்தப் புள்ளி எதை வைத்து வந்தது என்ற பதிவை (லாக்) கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடைசி ரீடிங் ஷிப்ட் முடிவதற்கு வெகு முன்னாலேயே வந்தது, அதுவும் ஒரே ஒரு ஆக்சஸ் பாயிண்டிலிருந்து. டாக் வெளிச்சுவரில் மாட்டியது அது, பார்க்கிங்கிலும் நன்றாகக் கேட்கும். ஒன்றே ஒன்றை வைத்து 'இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயோ' என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. இவர்கள் மென்பொருள் கூசாமல் ஒரு புள்ளி வைத்துவிட்டது.

கம்பெனியைக் கேட்டால், "உங்க வைஃபை டிசைன் சரியில்ல சார், பிரீமியம் பிளான்ல பீக்கன் மாட்டிக்கலாம்" என்கிறார்கள். பீக்கன் என்றால் புளூடூத் சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி. வயர்கூட வேண்டாம் என்ற பேச்சு எங்கே போனதோ. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் 'துல்லியம் சூழலைப் பொறுத்தது' என்று இருந்த வரியைக் காட்டினார்கள்.

உண்மையிலேயே தேவை என்றால், மெயின் பேட்டரி செத்த பிறகும் தனி பேட்டரியில் புளூடூத் சிக்னல் அனுப்பும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. தனியாக ஒட்டும் பீக்கனும் கிடைக்கிறது. இன்னொரு ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு, சிக்னல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தபடி நடந்தே தேடலாம். வைஃபை ஆர்டிடி என்று ஒன்று இருக்கிறது, சிக்னல் போய்வரும் நேரத்தை அளப்பது, 1 முதல் 2 மீட்டர் வரை வரும், ஆனால் ஸ்கேனர், ஆக்சஸ் பாயிண்ட் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். நம் ஊரில் மாட்டியிருக்கும் பழைய பெட்டிகளில் அதைத் தேடாதீர்கள். பீப் அடிக்க வைக்கலாமே என்பார்கள், வைஃபை இணைப்பு அறுந்த ஸ்கேனருக்கு அந்தக் கட்டளையே போய்ச் சேராது.

டெமோவுக்கு வந்தால் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார வைக்காதீர்கள், நேராக ரேக்குக்குக் கூட்டிப் போங்கள். ஸ்கேனரின் பேட்டரியைக் கழற்றி, டின் அடுக்கிய பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுத் தேடச் சொல்லுங்கள். புள்ளி வந்தால், அது எத்தனை மணிக்கு எடுத்த ரீடிங், எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் கேட்டது என்று திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். அப்புறம், மாதாமாதம்தான் கட்டுவோம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று.