தவணையில் ஃப்ளாட் வாங்க அக்ரிமென்ட் எழுதித் தந்த வக்கீல் அலுவலகம்: ஐந்துக்கு நான்கு

சென்னையில் ஒரு பழைய ஃப்ளாட், விலையை ஒரு வருஷத்தில் தவணையாகக் கொடுத்து முடித்ததும் கிரயம் என்று பேச்சு. அதற்கு விற்பனை ஒப்பந்தம் எழுதத்தான் இவர்களிடம் போனோம். கட்டணம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வாங்கிய காசுக்கு வேலை செய்தார்கள்.

புரோக்கர் ஏற்கெனவே ஒரு அக்ரிமென்ட்டை டைப் அடித்துக் கொடுத்திருந்தார், "எல்லாருக்கும் இதே மாடல்தான் சார்" என்று. வக்கீல் மேடம் அதைப் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்று சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தார். தவணை ஒரு நாள் தவறினாலும் அதுவரை கட்டிய பணம் முழுவதும் விற்பவருக்கே சேரும் என்றிருந்த வரி அது. அந்த இடத்தில் எழுத்தில் நோட்டீஸ், 30 நாள் அவகாசம், அப்படியும் கட்டாவிட்டால் முன்பணத்தில் இவ்வளவுதான் பிடிக்கலாம், மீதியைத் திருப்பித் தர வேண்டும், விற்பவர் பின்வாங்கினால் வட்டியோடு தர வேண்டும் என்று மாற்றி எழுதினார்.

அடுத்து பதிவு. விற்பவருக்கு இதில் இஷ்டமில்லை, பதிந்துவிட்டால் அப்புறம் ரத்துப் பத்திரம் போடாமல் வேறு யாரிடமும் பேச முடியாதே என்பது அவர் கவலை. நமக்கு வேண்டியதும் அதுதானே! சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் போட்டதால் மட்டும் வீட்டில் நமக்கு உரிமை வந்துவிடாது, கிரயப் பத்திரம் பதிவாகும்வரை வீடு அவருடையதுதான், அந்த இடைவெளியில் அவர் இன்னொருவருக்கு விற்றால் நாம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) வந்துவிடும், அடுத்து வாங்குகிறவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்கு அப்புறம் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயம் கேட்டுப் போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, புரோக்கர் அதைப் பிடித்துக்கொண்டார். "வழக்குப் போடத்தான் சார் அது உதவும், வழக்கே வராமல் இருக்க இது" என்று மேடம் சொன்னதும் பேச்சு முடிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வீட்டுக்கடன் விஷயத்தை இவர்கள் கையாண்ட விதம். விற்பவருக்கு வங்கியில் கடன் பாக்கி, ஒரிஜினல் பத்திரங்கள் அங்கேதான். தவணைப் பணத்தை அவர் கையில் கொடுத்து, அவர் அதை வேறு எதற்காவது செலவழித்துவிட்டால்? அதனால் முதல் தவணைகள் நேராக அவருடைய கடன் கணக்கில் விழ வேண்டும், கடன் முடிந்து, அடமானம் தீர்ந்தது என்று வங்கி தரும் அடமான ரசீது பதிவாகி ஒரிஜினல்களைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மீதி என்று எழுதினார்கள். கிரயத் தேதியையும் தெளிவாகப் போட்டார்கள். விற்பவர் மறுத்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டுமாம், அதுவரை நாம் பணத்தோடு தயாராக இருந்தோம் என்பதற்கும் ஆதாரம் வேண்டுமாம், ஆகவே எல்லாமே வங்கி வழியாக. ரொக்கமாகவென்றால் 20,000 ரூபாய் தொட்டாலே வருமான வரிப் பிரச்சினை.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி. விலை 50 லட்சத்தைத் தாண்டுகிறது, அப்படியென்றால் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நாம்தான், அதைப் பற்றி இவர்கள் மூச்சே விடவில்லை, எங்கள் ஆடிட்டர்தான் சொன்னார். கேட்டால் "அது ஆடிட்டர் வேலை சார்" என்றார்கள். தவணை அக்ரிமென்ட் எழுதுகிறவர்கள் அதையும் ஒரு வரி சொல்லலாமே. தமிழ் நகல் கேட்டால் தனிக் கட்டணம், அதுவும் எரிச்சல்தான்.

போகிறவர்கள் தாய்ப் பத்திர (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) நகல், 30 வருஷ வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, விற்பவரின் கடன் பாக்கிக் கடிதம் எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். சங்கத்தில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்கிறார்கள், அதை நீங்களே முன்னால் வாங்கி வைத்துவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம்.