பாய்லர் ஒழுகினால் ஈயமா, வெள்ளியா?

வீட்டில் செய்த சின்ன மாடல் நீராவி எஞ்சினின் செப்புப் பாய்லர் ஒழுகத் தொடங்கினால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அதுவும் கோவையில் கேட்கவே வேண்டாம். லேத் பட்டறைக்காரர், பம்பு வார்ப்பவர், மோட்டார் காயில் கட்டுபவர், ஏ.சி. மெக்கானிக், நகை ஆசாரி என்று உலோகத்தோடு புழங்குகிறவர்கள் நிறைந்த ஊர். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வடிகட்டிப் பார்த்தால் மூன்றுதான் தேறும்: ஈயம் வைத்து அடைப்பது, ஏ.சி. மெக்கானிக்கின் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியால் பற்றவைப்பது, வெள்ளி கலந்த பற்றாசு, அதாவது இணைப்புக்குள் உருகி ஓடும் உலோகக் கலவை வைத்து மறுபடி தீயால் ஊதுவது. என்னுடைய 3½ அங்குல கேஜ் (தண்டவாள அகலம்) ரயில் எஞ்சினில், ஃபயர்பாக்ஸ் என்கிற நெருப்புப் பெட்டியையும் வெளித்தகட்டையும் அடியில் இணைக்கும் அடிச்சட்டத்தின் ஒரு மூலையும், அதை ஒட்டி அந்த இரு தகடுகளையும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி ஒன்றும் கசிந்தபோது நான் வெள்ளிக்குத்தான் போனேன். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு உப்புப் படிவே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிற புண்ணியவான்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வால்வு மரைகளில் கசிவது பாய்லரின் குற்றமல்ல, அதை மரையிலேயே சரிசெய்யலாம். லாரி ரேடியேட்டருக்குப் போடுவதுபோல மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. நீர்மட்டக் கண்ணாடியும் தண்ணீரை உள்ளே விடும் ஊட்டு வால்வும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. அந்தப் பேச்சு இத்துடன் போதும்.

ஈயத்துக்கு நியாயம் செய்துவிட வேண்டும். வேலை எளிது, செலவு சொற்பம், பாய்லர் முழுவதையும் பழுக்கக் காய்ச்ச வேண்டியதில்லை. பிரிட்டனில் பழைய தலைமுறை மாதிரி எஞ்சின்காரர்கள் ஸ்டே தலைகளையும் நட்டுகளையும் ஈயத்தால் மெழுகிவிடுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது சாதாரண ஈயப்பற்று அல்ல; கொஞ்சம் வெள்ளியும் சேர்த்த, 296 டிகிரி செல்சியஸில் உருகும் வகை. நம் கடைகளில் ரேடியோ வேலைக்கு விற்கிற, வெள்ளீயமும் ஈயமும் கலந்த 60-40 ரகம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் நீராவியின் வெப்பம் சுமார் 162 டிகிரி. இடைவெளி இருபது டிகிரிதான். ஃபயர்பாக்ஸ் தகடு எப்போதும் தண்ணீரைவிடச் சூடாகவே இருக்கும். ஒரு தரம் நீர்மட்டம் இறங்கிவிட்டால் அந்த இருபதும் போய்விடும்.

இருந்தாலும், நான் ஈயத்தை ஒதுக்குவதற்கு முதல் காரணம் உருகுநிலை அல்ல. நல்ல ரக ஈயம் வாங்கினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். இன்றைய ஒழுக்கை அடைப்பது ஒரு பெரிய காரியமில்லை; நாளைக்கு வேறொரு இடத்தில் ஒழுகும்போது என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி. மாதிரி பாய்லரில் ஒரு கசிவு வந்தால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று வரும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒரே நாளில், ஒரே சூட்டில், ஒரே கை ஊதியவை அவை. ஈயம் ஏறிய இணைப்பில் வெள்ளிப் பற்றாசு ஓடாது. மறுபடி 600 டிகிரிக்குமேல் சூடேற்றும்போது ஈயமும் வெள்ளீயமும் செம்போடும் பழைய வெள்ளிப் பற்றாசோடும் கலந்து இணைப்பையே நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் ஈயத்தின் சுவடே இல்லாமல் பளபளக்கும் செம்பு தெரிகிறவரை சுரண்ட வேண்டும். வெளியே தெரிகிற ஸ்டே தலையில் அது நடக்கும். அடிச்சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிக்குள் உறிஞ்சிக்கொண்டு போன ஈயத்தை யார் சுரண்டுவது? அரமும் போகாது, கத்தியும் போகாது. அந்த மூலைக்கு அப்புறம் காலத்துக்கும் ஈயம்தான்.

விற்கும்போதும் இது தெரியும். பழைய எஞ்சின் வாங்க வருகிற விவரமான ஆள் சக்கரத்தையும் பெயிண்டையும் பிறகுதான் பார்ப்பார். முதலில் சாம்பல் தட்டைக் கழற்றிவிட்டு அடிச்சட்டத்தை விளக்கடித்துப் பார்ப்பார். சாம்பல் நிற மெழுகல் தெரிந்தால், புதுப் பாய்லர் ஒன்றுக்கான செலவை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் விலை பேசுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பாஸ்பரஸ் செம்புக் கம்பி கவர்ச்சியானது. விலை குறைவு, செம்போடு செம்பை இணைக்க, சூட்டில் ஆக்சைடு படியாமல் காக்கும் பிளக்ஸ்கூடத் தேவையில்லை, குளிர்சாதன உதிரிபாகக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும். இரண்டு சிக்கல்கள். ஒன்று, வழக்கமாகக் கிடைக்கும் ரகங்கள் 645 டிகிரியில் இளகத் தொடங்கினாலும் நன்றாக ஓட 700-ஐத் தாண்ட வேண்டும். பாய்லரை முதலில் கட்டியது 55 சதவீத வெள்ளிப் பற்றாசால் என்றால் அது 660-லேயே முழுக்க உருகிவிடும். ஓட்டையை அடைக்கப் போய்ப் பக்கத்து இணைப்பை அவிழ்த்துவிட்டு வரலாம். இரண்டு, கந்தகம் உள்ள சூடான புகையை இந்தக் கலவை தாங்காது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நிலக்கரி எரிக்கும் ஃபயர்பாக்ஸில் இருப்பது அந்தப் புகைதான். நம் பக்கத்தில் பொள்ளாச்சி, காங்கேயம் தேங்காய்த் தொட்டிக்கரியை எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கந்தகம் மிகக் குறைவு. தொட்டிக்கரி மட்டுமே எரித்தால் இந்தக் கம்பி பல வருடம் தாங்குமோ என்னவோ, எனக்கு அந்த அனுபவம் இல்லை. கரியை மாற்றி மாற்றிப் போடுகிறவன் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி வெள்ளி. வெள்ளி விற்கிற விலையில் 55 சதவீதக் கம்பி வாங்கக் கை கூசும்தான். ஆனால் ஒரு மூலைக்கும் ஒரு ஸ்டேவுக்கும் ஆகிற அளவு கொஞ்சம். நகைப் பட்டறையில் இருந்து வாங்கினால் காட்மியம் இல்லாததா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கே.டி.எம். நகை என்று ஊரெல்லாம் சொன்னோமே, அந்தக் காட்மியம்தான். அது உருகும்போது வரும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. நகை ஆசாரிகள் பிளக்ஸாக வைக்கும் வெறும் வெங்காரத்தை நம்பி இறங்கவும் வேண்டாம். அது முழுதாக இளகி வேலை செய்வதற்கு 750 டிகிரியாவது வேண்டும், அதற்குள் 55 ரகப் பற்றாசு ஓடி முடிந்திருக்கும். குறைந்த சூட்டுக்கென்று ஃபுளோரைடு கலந்த பிளக்ஸ் தனியாகக் கிடைக்கிறது.

செம்பு வெப்பத்தை ஓரிடத்தில் நிற்கவிடாது. மூலையை மட்டும் சூடாக்கிச் சட்டென்று ஒட்டிவிடலாம் என்று ஆக்சி-அசிட்டிலீன் முனையைப் பிடிப்பது ஆபத்து. ஓரிடம் உருகும் நிலைக்குப் போக, நான்கு விரற்கடை தள்ளிக் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுவிசையில் நல்ல இணைப்பும் விரியும். தீச்செங்கல் அடுக்கி, பாய்லரை முழுவதுமாகக் கேஸ் பர்னரால் மெதுவாக ஏற்றி, மங்கிய சிவப்புத் தெரிந்த பிறகு இரண்டாவது டார்ச்சால் அந்த மூலையைத் தொட வேண்டும். சுற்றியிருக்கும் எல்லா இணைப்புகளுக்கும் பிளக்ஸ் பூசி வைத்தால், அவை இளகினாலும் இருந்த இடத்திலேயே உறைந்துகொள்ளும். ஆனி, ஆடியில் மட்டும் இந்த வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாலக்காட்டுக் கணவாயில் இருந்து வருகிற காற்று எவ்வளவு கேஸையும் விழுங்கும், செம்பு சிவக்காது.

வெள்ளியின் உண்மையான குறை, எட்டாத இடம். புகைக் குழாய்களின் முனைகளைப் பிடித்திருக்கும் ஃபயர்பாக்ஸ் பக்கத்துக் குழாய்த் தட்டில் ஒரு குழாயின் முனை கசிந்தால், கரி போடும் வாய் வழியாகப் பற்றாசு வைப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வராது. அந்த ஒரு குழாயைப் பலிகொடுத்து, உள்ளே ஒரு கம்பியை ஓட்டி இரு முனைகளிலும் மூடி வைத்து இறுக்கிவிடலாம் என்கிறார்கள். கணக்குப்படி சரியாகத்தான் தோன்றுகிறது, நீராவி கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். செய்து பார்த்ததில்லை என்பதால் அதற்குமேல் சான்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் ஒருவர் உயர்ரக ஈயம் வைத்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

எந்த வழியில் அடைத்தாலும் நீர்ச் சோதனை ஒன்றுதான். பாய்லருக்குள் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பம்பு வார்ப்புகளைச் சோதிக்கிற கைப்பம்பு கிடைத்தால் அதை இணைத்து, மெதுவாக ஏற்றுங்கள். கம்பிரஸர் காற்றால் ஒருபோதும் வேண்டாம். தண்ணீர் என்றால் கசியும், காற்று என்றால் வெடிக்கும். 80 பவுண்டில் ஓடும் பாய்லருக்கு வழக்கமான மறுசோதனை ஒன்றரை மடங்கு, அதாவது 120. ஆனால் முழுப் பாய்லரும் மறுபடி சிவக்கக் காய்ந்த பிறகு அதைப் புதிதாகவே கருதி இரண்டு மடங்கு, 160 வரை கொண்டுபோவது என் வழக்கம். நம் நாட்டுச் சட்டம் 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளதைக் கொதிகலனாகக் கருதுவதில்லை. அதனால் நம் எஞ்சின்களைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. தேதி, அழுத்தம், எத்தனை நிமிடம் முள் அசையாமல் நின்றது, எந்தப் பற்றாசு என்று ஒரு நோட்டில் எழுதி எஞ்சினோடு வைத்திருங்கள். அடுத்த தரம் டார்ச் பிடிப்பவர் உங்கள் மகனாகவோ வாங்கிப் போனவராகவோ இருந்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது எந்த மூலையில் எந்த உலோகம் என்ற விவரம்தான்.