மூடாத சமையலறை அலமாரிக் கதவு: திருப்புளியா, புதுக் கீலா, புதுக் கதவா?

சத்துவாச்சாரியில் இருக்கும் அம்மாவின் சமையலறையில் எட்டு அலமாரிக் கதவுகள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபோது அவற்றில் நான்கு சரியாக மூடவில்லை. ஒன்று பக்கத்துக் கதவை இடித்தது. ஒன்று மூடிய கையோடு தானே திறந்துகொண்டது. ஒன்று ஒரு பக்கம் தொங்கியது. சிங்க்குக்கு அடியில் இருந்தது ஊறிப் பருத்துப்போயிருந்தது. அலமாரிகளைப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பத்து நிமிடம் பார்த்தார். எட்டுக் கதவுகளையும் மாற்றச் சொன்னார். அவர் சொன்ன தொகையைக் கேட்ட அம்மா அன்று மாலைவரை சரியாகப் பேசவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஏனென்றால், கடைசியில் நாங்கள் மாற்றியது ஒரே ஒரு கதவைத்தான்.

மூடாத கதவு என்பது ஒரே நோய் அல்ல. கீல் நகர்ந்திருக்கலாம், திருகாணி பிடியை விட்டிருக்கலாம், பலகையே ஊறியிருக்கலாம். எது என்று பார்க்காமல் வைத்தியத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

திருப்புளியும் புதுக் கீலும்

இப்போதைய அலமாரிகளில் பெரும்பாலும் இருப்பது, கதவின் உட்புறத்தில் 35 மில்லிமீட்டர் விட்டத்தில் வெட்டிய வட்டக் குழிக்குள் கிண்ணம்போல் உட்காரும் கீல். அதன் கையில் இரண்டு திருகாணிகள் உண்டு. கதவுக்கு அருகே இருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும். உள்ளே தள்ளி இருப்பதைத் தளர்த்தினால் கதவை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பக்கப் பலகையில் கீலைப் பிடித்திருக்கும் தகட்டின் திருகாணிகளைத் தளர்த்தினால் மேலும் கீழும் நகரும். எல்லாம் ஓரிரு மில்லிமீட்டர்தான். பெரும்பாலான கதவுகளுக்கு அதுவே போதும்.

பக்கத்துக் கதவை இடித்த கதவுக்கு முன் திருகாணியில் அரைச் சுற்று போதுமாக இருந்தது. தானே திறந்துகொண்ட கதவில் கீல் இருக்கும் ஓரம் முதலில் பக்கப் பலகையில் முட்டி, கதவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பின் திருகாணியைத் தளர்த்தி, கதவை ஒரு மில்லிமீட்டர் முன்னால் இழுத்து முடுக்கியதும் அமைதியாக மூடிக்கொண்டது. ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். ஒவ்வொரு முறையும் மூடிப் பாருங்கள். கதவு சாய்ந்திருந்தால் மேல் கீலையும் கீழ்க் கீலையும் எதிரெதிர்த் திசையில் திருக வேண்டும்.

இதற்குப் புதுக் கீல் வாங்குவது வீண் செலவு. கீல் துருப்பிடித்திருந்தாலோ, அதன் கை ஆடினாலோ, உள்ளே இருக்கும் வில் (ஸ்பிரிங்) செத்துப்போயிருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். அப்போதும் பழைய கீலைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கையின் வளைவில் மூன்று வகை உண்டு. கதவு பக்கப் பலகையை முழுக்க மூடினால் நேர்க் கை, ஒரே பலகையை இரண்டு கதவுகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டால் சிறு வளைவு, கதவு சட்டத்துக்குள்ளேயே அடங்கினால் பெரு வளைவு. வளைவு மாறினால் எத்தனை திருகினாலும் கதவு உட்காராது.

மெதுவாக மூடும் ஹைட்ராலிக் கீல்களை எல்லாக் கடைகளிலும் பரிந்துரைக்கிறார்கள். சத்தமில்லாமல் மூடுவது நல்ல வசதிதான். ஆனால் அது பழுதுக்கு மருந்து அல்ல. சிறிய, எடை குறைந்த கதவில் இரண்டு கீல்களும் ஹைட்ராலிக்காக இருந்தால் கதவு கடைசி அங்குலத்தில் தயங்கி நின்றுவிடுவதும் உண்டு. அதில் நிறுத்தும் பொத்தான் இருந்தால் ஒன்றை நிறுத்திவிடலாம்.

தீக்குச்சியும் மரக்கட்டையும்

தொங்கிய கதவின் கதை வேறு. திருப்புளியை வைத்தால் திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தது, முடுகவில்லை. அம்மா வீட்டு அலமாரி பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சிராயையும் பசையால் அழுத்திய பலகை; ஒருமுறை துளை அகன்றால் திருகாணிக்குப் பிடிக்க ஏதுமில்லை. தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் அடைப்பது எல்லார் வீட்டிலும் நடப்பது. தினமும் திறக்காத மேல் அலமாரிக்கு அது போதும். மசாலா டப்பா இருக்கும் கதவுக்குப் போதாது. அங்கே துளையை 8 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, அதே அளவு உருண்டை மர ஆப்பை ஃபெவிகால் தடவி இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அந்த மரத்தில் புதிதாகச் சிறு துளை போட்டுத் திருகாணி இறக்க வேண்டும். மர ஆப்புக்கே என் வாக்கு. நீளமான திருகாணி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பலகையின் கனமே பெரும்பாலும் 16 அல்லது 18 மில்லிமீட்டர்தான். மறுபக்கம் மைக்காவைக் குத்திக்கொண்டு முனை வெளியே வரும்.

காந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். கதவு நிற்கவில்லை என்றால் காந்தப் பிடிப்பு வைக்கச் சொல்வார்கள். கதவை அது இழுத்துப் பிடிக்கும்; ஆனால் கோணிய கீல் அப்படியே கோணியிருந்து, திருகாணித் துளையை நாளுக்கு நாள் பெரிதாக்கும். வில் இல்லாத பழைய கீல்களுக்கு மட்டுமே காந்தம் பொருத்தம்.

இழைப்பதும் காத்திருப்பதும்

குடியாத்தத்தில் மாமா வீட்டில் இருப்பது தேக்குச் சட்ட அலமாரி, பழைய பட்டைக் கீல். ஒவ்வொரு மழைக்கும் கதவு இறுகும். ஒரு வருடம் கார்த்திகையிலேயே ஆசாரியை வரவழைத்து ஓரத்தை இழைத்துவிட்டார்கள். சித்திரை வந்ததும் விரல் நுழையும் இடைவெளி. கரப்பான் பூச்சிகளுக்குத் தனி வாசல். மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் பருக்கும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. வேலூர் வெயிலில் அதே மரம் மீண்டும் சுருங்கும். அதனால் மழைக்காலத்தில் இழைப்பதைவிடத் தை, மாசிவரை பொறுப்பது மேல். அப்போதும் உரசினால் உரசும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, அந்த விளிம்புக்கு உடனே வார்னிஷ் அடியுங்கள். பூச்சில்லாமல் விட்டால் அடுத்த மழைக்கு அது இன்னும் அதிகமாகக் குடிக்கும்.

பார்ட்டிகிள் போர்டுக்கு இந்தப் பொறுமை உதவாது. ஊறி உப்பியது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. சிங்க் அடிக் கதவை நாங்கள் மாற்றியது அதனால்தான். பி.வி.சி.யா, பிளைவுட்டா என்று இரண்டு நாள் யோசித்தோம். பி.வி.சி. தண்ணீருக்கு அசையாது, ஆனால் திருகாணியைப் பிடிப்பதில் பலவீனம், அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டுக்கு இளகும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது. விலை கூடுதல்தான். தினமும் இருபது முறை திறக்கும் கதவு என்பதால் பிளைவுட்டையே எடுத்தோம்.

கதவைப் பொருத்துவதற்கு முன் இரண்டு வேலைகள் செய்தோம். சிங்க் குழாயின் கசிவை அடைத்தோம். அது தெரியாமல் சொட்டிக்கொண்டிருந்ததுதான் பழைய கதவைக் கெடுத்தது. புதுக் கதவின் கீழ் விளிம்பில், வீடு துடைக்கும் ஈரம் படும் இடத்தில், இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்தோம். அந்த விளிம்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதால் பல வீடுகளில் அது பூச்சே இல்லாமல் விடப்படுகிறது.