ஜீஆர்ஈ திரும்ப எழுதுவமா விடுவமா: பவர்ப்ரெப் ஃப்ரீ மொக் டெஸ்ட் பாவிச்சுப் பாத்தது

ஜீஆர்ஈ எண்டது அமெரிக்கா மாதிரி இடங்களில மேற்படிப்புக்குப் போக எழுதுற சோதினை. பவர்ப்ரெப் எண்டு அத நடத்துற ஈடிஎஸ் காரங்களே ஒன்லைனில குடுக்கிற மொக் டெஸ்ட் (மாதிரிச் சோதினை) ரெண்டு இரிக்கு, ரெண்டும் ஃப்ரீ, அவங்கட தளத்தில அக்கவுண்ட் ஒண்டு திறந்தாச் சரி. புதுசா படிக்கத் தொடங்குற ஆக்களுக்கு இதப்பத்தி எல்லாரும் சொல்லித்தான் இரிக்காங்க. நான் எழுதுறது சோதினைய ஒருக்கா எழுதி மார்க்ஸும் வந்து, மறுகா திரும்ப எழுதுறதா இல்ல இதோட விடுறதா எண்டு நித்திரை இல்லாமத் திரியிற ஆக்களுக்கு. அந்த முடிவு எடுக்க இதவிட நல்ல சாமான் வேற இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

எனக்கு முதல் தரம் கணக்கில 157, வேர்பலில (இங்கிலீஷ் வாசிப்பு, சொல்லுப் பகுதி) 150. ரெண்டுமே 130 தொடக்கம் 170 வரைக்கும்தான் போடுவாங்க. வந்தாறுமூலையில இரிக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தில விவசாயம் முடிச்சிட்டு அமெரிக்காவில மண் விஞ்ஞானம் படிக்க அப்ளிகேஷன் போட்டுப் பாக்கிறன். வீட்டில எல்லாரும் திரும்ப எழுது எண்டாங்க, அக்கா மட்டும் "காசு சும்மாவா வருது, முதல்ல யோசிச்சுப் பாரு" எண்டு சொன்னா. ஞாயமான கதைதான். சோதினைக் காசு 220 டொலர், நம்மட காசுக்கு 60,000 ரூபாயத் தாண்டும், கொழும்புக்குப் போய் எழுதுறதெண்டா ரயில், தங்குற இடம், சாப்பாடு எல்லாம் வேற.

அதால முதல்ல மொக். உண்மையான சோதினை எப்பிடியோ அப்பிடியே இரிக்கு: மொத்தம் 1 மணித்தியாலம் 58 நிமிஷம், கட்டுரை ஒண்டுக்கு 30 நிமிஷம், வேர்பல் 12 கேள்விக்கு 18 நிமிஷம் புறவு 15 கேள்விக்கு 23, கணக்கு 12க்கு 21 நிமிஷம் புறவு 15க்கு 26. முதல் பகுதிய எப்பிடிச் செஞ்சமோ அதப் பாத்துத்தான் ரெண்டாம் பகுதி கஷ்டமா லேசா எண்டு கொம்பியூட்டர் எடுத்துத் தரும், இத போட்டோகொப்பி நோட்ஸ வெச்சுச் செஞ்சு பாக்க ஏலா. ஒரே இருப்பில, போனத் தூக்கி அடுத்த அறையில வெச்சிட்டு, கட்டுரையையும் விடாம எழுதிச் செய்ங்க. கட்டுரைய விட்டுட்டுச் செஞ்சா மூளை களைக்காது, வாற மார்க்ஸும் பொய்.

எனக்கு மொக்கில கணக்கு 163, வேர்பல் 151. வேர்பல் ஒண்டு ரெண்டு கூடிறதும் குறையிறதும் எல்லாருக்கும் நடக்கிறதுதான், அது என்ட உண்மையான அளவு, அதுக்காக இன்னொருக்கா காசு கட்ட மாட்டன். ஆனா கணக்கில ஆறு வித்தியாசம். தெரிஞ்சத அண்டைக்குச் செய்ய ஏலாமப் போயிரிக்கு, அதுக்குத் திரும்ப எழுதலாம். மொக்கும் 157 எண்டு வந்திரிந்தா அப்பிடியே விட்டுட்டு அந்த நேரத்த எஸ்ஓபி (ஏன் படிக்கப் போறம் எண்டு அப்ளிகேஷனோட குடுக்கிற கட்டுரை) எழுதப் போட்டிரிப்பன். படிக்காம திகதி மட்டும் மாத்தி எழுதினா மார்க்ஸும் அதே இடத்திலதான் நிக்கும்.

குறை எண்டு பாத்தா, ஃப்ரீ டெஸ்டில விடை சரியா பிழையா எண்டு மட்டும்தான் காட்டும், ஏன் எண்டு விளக்கம் இல்ல. கட்டுரைக்கும் மார்க்ஸ் இல்ல. மற்றது, எத்தின தரமும் செய்யலாம்தான் ஆனா கேள்வி அதேதான் வரும், ரெண்டாந்தரம் செஞ்சா சும்மா கூடுதலாக் காட்டி ஏமாத்தும். அதால தயவு செஞ்சு ரெண்டாவது டெஸ்டத் தொடாம வெச்சிரிங்க, இந்த முடிவுக்கெண்டே. ரெண்டும் முடிஞ்ச ஆக்கள் பவர்ப்ரெப் பிளஸ்தான் வாங்கோணும், அது காசுக்கு, ஆனா விளக்கம் இரிக்கு.

திரும்ப எழுதினா குறைஞ்சிருமோ எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு: எந்தத் தரத்து மார்க்ஸ அனுப்புறது எண்டு நாமளே தெரிவு செய்யலாம், குறைஞ்ச மார்க்ஸ் கெம்பஸுக்குப் போகாது. 21 நாள் இடைவெளி விடோணும், 12 மாசத்துக்குள்ள 5 தரம் மட்டும்தான், மார்க்ஸ் 5 வருஷம் செல்லும்.

நான் ரெண்டாந்தரம் வீட்டிலயே எழுதினன். பேப்பர் வெச்சிரிக்க விடமாட்டாங்க, சின்ன வைட்போர்ட் இல்லாட்டி புத்தகக் கடையில விக்கிற கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் கவரும் அழியிற மார்க்கரும்தான், முடியக்குள்ள அத அழிச்சுக் கெமராவுக்குக் காட்டோணும். ஹெட்செட் போட ஏலா, அறைக்குள்ள வேற ஆள் வரப்படாது. கரண்ட் போனா லெப்டொப் தாங்கும், ரவுட்டர் தாங்காது, ரவுட்டருக்கு யூபிஎஸ் ஒண்டு கொழுவி வெய்ங்க. திகதி போடக்குள்ள ஊர்க் கோயில் பக்கமும் பாருங்க, வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிழமை ஸ்பீக்கர் சத்தத்துக்குள்ள இருந்து எழுத ஏலா. கணக்கில 162 வந்திச்சு, வேர்பல் அதே 150.

இது எல்லாத்துக்கும் முதல், நீங்க போடப்போற டிபார்ட்மென்ட் ஜீஆர்ஈ கேக்குதா எண்டு அவங்கட பக்கத்தில போய்ப் பாருங்க. கொரோனாவுக்குப் புறவு கன இடத்தில தேவையில்ல எண்டு எடுத்திட்டாங்க. கேக்கிற இடங்களுக்கு டிசம்பர்ல முடிவுத் திகதி எண்டா, மார்க்ஸ் வர 8 தொடக்கம் 10 நாள் போகும், அந்த 21 நாளையும் கூட்டிப் பாத்து ஒக்டோபருக்குள்ளயே மொக்கச் செஞ்சு முடிவ எடுத்திடுங்க.