11 வருடம் கட்டியதில் மிஞ்சியது மூன்று டை

கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸில் வீடு, காப்புறுதி வேலை. 11 வருடமாக வாரத்தில் நான்கு நாள் கழுத்தில் டை. வியாழக்கிழமை மட்டும், அரசு ஊழியர்களைப் பார்த்து எங்கள் ஆபீஸும் பிடித்துக்கொண்ட பாத்திக் சட்டை. அன்றைக்குத்தான் கழுத்துக்கு விடுமுறை.

ஆரம்பத்தில் மஸ்ஜித் இந்தியா பக்கம் பத்து, பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) பாலியஸ்டர் டைகளாக வாங்கிக் குவித்தேன். பளபளப்பு அதிகம், முடிச்சோ நிற்காமல் வழுக்கும். அப்புறம் தம்பி கல்யாண வரவேற்புக்கு 5 செ.மீ. அகலத்தில் ஒல்லி டை ஒன்று. கோட்டின் காலர் மடிப்பு எவ்வளவு அகலமோ, டையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. போட்டோவில் தொப்பை மேல் சாட்டைக் கயிறு தொங்குகிறது.

இப்போது கட்டுவது மூன்றுதான். பெரிய கம்பெனிகளைப் பார்க்கப் போனால் 8 செ.மீ. கருநீலப் பட்டு. ஆனால் கேஎல் சாயங்கால மழைக்குப் பட்டு ஆகாது; சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தடம் பிடிக்கும். வானம் இருட்டினால் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். ஒருமுறை டோபிக்குக் கொடுத்தேன். அழுத்தித் தேய்த்து ஓரங்களைக் காகிதம் மாதிரி தட்டையாக்கித் தந்தார்கள். அந்த டை அத்தோடு போச்சு, இது அடுத்தது.

இரண்டாவது சிவப்புக் கோடு போட்டது, ஆபீஸ் கூட்டங்களுக்கு. வயதான பிரிட்டிஷ்காரர் ஒருவர் அதைப் பார்த்து, "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டார். இடது தோளிலிருந்து கீழே சரியும் கோடுகள் அங்கே பட்டாளத்துக்கும் கிளப்புக்கும் அடையாளமாம். அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற துணிக் கம்பெனி கோடுகளின் சரிவைத் திருப்பிப் போட்டு எல்லாருக்கும் விற்றது. நான் கட்டியிருந்தது பிரிட்டிஷ் பக்கம்! அவரைப் பார்க்கப் போகும்போது இப்போதெல்லாம் கருநீலம்தான்.

முடிச்சு விஷயத்தில், பெரிதாகத் தெரியட்டும் என்று வின்ட்சர்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அது நீளத்தைத் தின்றுவிடும். கழுத்தும் தடித்த பிறகு முனை பெல்ட் பக்கிளைத் தொடவே இல்லை. ஃபோர் இன் ஹேண்ட் என்ற சின்ன முடிச்சுக்கு மாறினேன். லேசாகக் கோணும், அதுவும் அழகுதான்.

மூன்றாவதுதான் என் செல்லம்: சதுர முனை வைத்த கறுப்புப் பின்னல் டை. கோட் இல்லாமல் வெறும் சட்டைக்கே பொருந்தும், பின்னலில் காற்று புகும், கசங்கினாலும் தெரியாது. பாதி வாரம் இதுதான். ஹேங்கரில் மட்டும் மாட்டாதீர்கள், சுருட்டி வையுங்கள். என் முதல் பின்னல் டை ஆணியில் தொங்கித் தொங்கியே பெல்ட்டைத் தாண்டிவிட்டது.