மழைத்தண்ணீர்த் தொட்டி, 6 வருடம் கழித்து: தண்ணீர் அருமை, வால்வுதான் தொல்லை

சித்தப்பா மகன் முதுகுளத்தூர் பக்கம் வீடு கட்டுகிறான். "அண்ணே, பெரியம்மா வீட்டுல இருக்கிற மாதிரி மழைத்தண்ணித் தொட்டி போடலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை, அதற்கு முந்தின நாள்தான் உடைந்த வால்வை மாற்றிவிட்டு வந்திருந்தேன்.

முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புதான். 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கத்தான் வழி செய்தார்கள், எங்களுக்கு அது குடிக்க உதவாது, தொட்டியில் பிடித்து வைத்தால்தான் உண்டு. 600 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் வீணாவது போக 4,000 லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. தொட்டி 10,000 லிட்டர். அம்மாவுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 2 குடம். கார்த்திகைக்குள் நிரம்பிவிட்டால் அடுத்த ஐப்பசி வரை கவலை இல்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊருணிக்கு நடந்தவர் அவர். இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு பூவாக வேகிறது, காய்ச்சிக் குடித்தால் அப்படி ஒரு ருசி, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம் அந்த வால்வு. ஒவ்வொரு மழைக்கும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட வேண்டும், மாடியில் கிடக்கும் தூசி, காக்கை எச்சம், வேப்பிலை எல்லாம் அதில்தான் அடித்துக்கொண்டு வரும். பிறகு ஒரு வால்வை மூடி, தொட்டிக்குப் போகும் வால்வைத் திறக்க வேண்டும். கொத்தனார் இரண்டையும் வீட்டுக்குப் பின்னால், சுவருக்கும் வேலிக்கும் நடுவே, முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டார். நடுராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்தால் 68 வயது அம்மா டார்ச் லைட்டோடு அந்தச் சகதிக்குள் இறங்கிக் குனிந்து திருப்புகிறார். விட்டுவிடுங்கள் என்றால், நல்ல மழை வீணாகப் போகுதே என்கிறார். வெயில் பட்டுப் பட்டுப் பிளாஸ்டிக் கைப்பிடி மொறுமொறுவென்று ஆகி, போன மழையில் கையோடு வந்துவிட்டது. மாற்றச் செலவு பெரிதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் வழுக்கி விழுந்திருந்தால்? அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கொத்தனாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை, குழாய் இறங்கும் மூலை அதுதான், நானும் பக்கத்தில் நின்று சரி என்றேன். தொட்டியில் 6 வருடமாக ஒரு சொட்டுக் கசிவில்லை. வெளிச்சம் புகாத மூடி, வழிந்தோடும் குழாயில் கொசுவலை, பாசியும் இல்லை புழுவும் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டுத் தம்பியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். சித்தியும் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். குழாயைத் திண்ணைப் பக்கம் இறக்கி, நின்ற இடத்திலேயே நனையாமல் திருப்புகிற மாதிரி வால்வை வைக்க முடியுமா என்று கொத்தனாரைக் கேள், முடியும் என்றால் அப்புறம் பேசுவோம் என்றேன்.